தமிழ்த் திரைப்படங்களில் செவிலியர்

தமிழ்த் திரைப்படங்களில் செவிலியர் பணியும் அதனைச் செய்வோரும் 1960களில் இருந்து பலவகையாகச் சித்தரிக்கப்பட்டு வந்துள்ளனர். மருத்துவமனை தமிழ்த் திரைப்படங்களில் மிகுதியாக இடம்பெறும் களங்களுள் ஒன்று. ஆயினும் செவிலியர் ஒருவரை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட படங்கள் குறைவு. பாலும் பழமும் (1961), மனதில் உறுதி வேண்டும் (1987), மாலினி 22 பாளையங்கோட்டை (2014) ஆகியன அவ்வாறான படங்களுள் குறிப்பிடத்தக்கவை. மருத்துவமனைக்குள் அடிக்கடி செல்ல வேண்டிய தேவை இல்லாத ஒருவருக்குச் செவிலியர் பணியைப் பற்றிய முதல் அறிமுகம் பெரும்பாலும் திரைப்படத்தின் வழியாகவே கிடைக்கிறது. எனவே இச்சித்தரிப்பு, அத்தொழிலின் மீது மக்கள் கொள்ளும் மதிப்போடும் இளையோர் அதனைத் தெரிவு செய்வதோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகிறது.

சொற்பயன்பாடு

சங்க இலக்கியத்தில் செவிலி என்பது தலைவியை வளர்க்கும் வளர்ப்புத் தாயைக் குறிக்கும். தோழி செவிலியின் மகள் ஆவாள். அகத்திணை மரபில் கூற்று நிகழ்த்தும் மாந்தருள் செவிலியும் ஒருத்தி. பிறர் மகவைத் தன் மகவாகப் பேணுபவள் என்ற அந்தப் பொருளில் இருந்தே நோயாளரைப் பேணுபவர் என்ற இக்காலப் பொருள் தோன்றியது. தமிழ்நாட்டு அரசு ஆவணங்களில் செவிலியர் என்ற சொல் பயன்படுகிறது. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தாதி, தாதியர் என்ற சொற்கள் வழக்கில் உள்ளன.

பேச்சு வழக்கில் தமிழ்நாட்டில் நர்ஸ் என்பதே பெருவழக்கு. மருத்துவமனைக்குள் நோயாளிகள் செவிலியரைச் சிஸ்டர் என்று அழைப்பர். கிறித்தவத் துறவியர் நோயாளர் பணியில் ஈடுபட்ட மரபும், பிரித்தானிய மருத்துவமனைகளில் கூடப் பொறுப்பாளரை அவ்வாறு அழைத்த வழக்கமும் இதற்குப் பின்னணியாக அமைந்தன. திரைப்பட உரையாடல்களிலும் இச்சொல்லே மிகுதியாகக் கேட்கப்படுகிறது. திரைப்படச் செவிலியர் பலருக்குப் பெயரே இருப்பதில்லை. படம் முழுவதும் அவர்கள் சிஸ்டர் என்ற விளியால் மட்டுமே அறியப்படுகின்றனர்.

பின்னணி

தமிழகத்தில் முறையான செவிலியர் பயிற்சி திரைப்படத்தை விட மூத்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871ஆம் ஆண்டிலேயே செவிலியர் பயிற்சி தொடங்கப்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் 1909ஆம் ஆண்டு செவிலியர் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே 1946இல் பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியரையும் பேறுகால உதவியாளரையும் பதிவு செய்வதற்கான சட்டம் 1926ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி இந்திய செவிலியர் குழுமம் அமைந்தது. 2023ஆம் ஆண்டில் தேசிய செவிலியர் மற்றும் பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் நிறைவேற்றப்பட்டது.

தொடக்க காலத்தில் இப்பணிக்கு வந்தோர் பலர் கிறித்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் ஆதரவற்ற பெண்களும் ஆவர். அயலார் உடலைத் தொடுதல், குருதியையும் கழிவையும் கையாளுதல், இரவில் வீட்டுக்கு வெளியே தங்கிப் பணியாற்றுதல் ஆகிய மூன்றும் அன்றைய சாதி, குடும்ப வழக்கங்களுக்கு மாறானவை. இதனால் செவிலியர் பணி, தேவையானது என்று ஏற்கப்பட்ட போதும் மதிப்பிற்குரியதாக நெடுங்காலம் ஏற்கப்படவில்லை. செவிலியரைத் தேவதை என்று போற்றுவதும், தம் வீட்டுப் பெண்ணை அப்பணிக்கு அனுப்பத் தயங்குவதும் ஒரே சமூகத்தில் அருகருகே நிலவின. தமிழ்த் திரைப்படங்களில் காணப்படும் முரண்பாடுகள் பல இந்த இரட்டை நிலையில் இருந்தே தோன்றியவை எனலாம்.

வரலாறு

1960கள்

ஏ. பீம்சிங் இயக்கத்தில் 1961ஆம் ஆண்டு வெளிவந்த பாலும் பழமும் படத்தில் சரோஜாதேவி சாந்தி என்னும் செவிலியராக நடித்தார். புற்றுநோய்க்கு மருந்து காண முயலும் மருத்துவர் இரவியாகச் சிவாஜி கணேசன் நடித்தார். சாந்தி அவரது ஆய்வுக்குத் துணை நின்று, பின்னர் அவரை மணக்கிறாள். காசநோய் கண்ட பின், தன்னால் கணவரின் ஆய்வு தடைப்படுவதை உணர்ந்து வீட்டை விட்டு வெளியேறுகிறாள். பின்னர் இரவி பார்வையிழந்த நிலையில், தான் யாரென்று வெளிப்படுத்தாமல் செவிலியராகவே திரும்பி வந்து அவரைப் பேணுகிறாள். இப்படம் சாத்தி என்ற பெயரில் 1968இல் இந்தியில் மீண்டும் எடுக்கப்பட்டது. மனைவியின் கடமையும் செவிலியரின் கடமையும் ஒன்றாகவே இப்படத்தில் காட்டப்படுகின்றன. பயிற்சியால் பெற்ற திறனை விட அன்பும் தன்னலமறுப்பும் முன்னிறுத்தப்படுகின்றன.

ஸ்ரீதர் இயக்கிய நெஞ்சில் ஓர் ஆலயம் (1962) ஏறத்தாழ முழுவதும் ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நிகழும் கதையாகும். கல்யாண்குமார் மருத்துவராகவும், முத்துராமன் புற்றுநோயாளியாகவும், தேவிகா அவரது மனைவியாகவும் நடித்தனர். மனைவியின் முன்னாள் காதலரே கணவருக்கு அறுவை மருத்துவம் செய்ய வேண்டிய நிலை கதையின் மையம் ஆகும். மருத்துவமனையைக் களமாகக் கொண்டிருந்தும், நோயாளரின் படுக்கை அருகில் நிற்கும் பேணுநராக மனைவியே முன்னிறுத்தப்படுகிறாள். செவிலியர் பின்னணியில் நிற்கின்றனர். மருத்துவர், நோயாளி, நோயாளியின் குடும்பம் என்ற மூன்று முனைகளுக்கு இடையே கதை நகர்வது பிற்காலத்து மருத்துவமனைப் படங்கள் பலவற்றிலும் காணப்படும் அமைப்பாகும்.

இக்காலத்தில் வங்காள மொழியில் அசித் சென் இயக்கிய தீப் ஜ்வேலே ஜாய் (1959) படமும் இங்கு ஒப்பிடத்தக்கது. மனநல மருத்துவமனை ஒன்றில், நோயாளியிடம் காதல் கொண்டவள் போல நடித்து அவரைக் குணப்படுத்துமாறு பணிக்கப்படும் செவிலியராகச் சுசித்ரா சென் நடித்தார். இறுதியில் செவிலியரே மனம் சிதைகிறார். இதே கதை தெலுங்கில் சிவரகு மிகிலேதி என்றும், இந்தியில் காமோஷி என்றும் எடுக்கப்பட்டது. பேணுபவரின் மனத்துக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை எழுப்பிய தொடக்க கால இந்தியப் படங்களுள் இது ஒன்றாகும்.

1980கள்

கே. பாலசந்தர் இயக்கிய மனதில் உறுதி வேண்டும் 1987ஆம் ஆண்டு வெளிவந்தது. சுகாசினி நந்தினி என்னும் செவிலியராக நடித்தார். மணமுறிவு பெற்ற நந்தினி, சென்னை மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிக் கொண்டே தன் பெரிய குடும்பத்தைத் தாங்குகிறாள். பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் மருத்துவராக நடித்தார். நடிகர் விவேக் அறிமுகமான படமும் இதுவே. முன்னாள் கணவருக்குச் சிறுநீரகம் தேவைப்படும் போது நந்தினி தன் சிறுநீரகத்தையே அளிக்கிறாள்.

செவிலியரின் ஊதியம், அதனை எதிர்பார்த்து நிற்கும் குடும்பம், உடன் பணியாற்றும் பெண்களின் நட்பு, மணமுறிவு பெற்ற பெண்ணைச் சமூகம் நோக்கும் விதம் ஆகியன இப்படத்தில் விரிவாக இடம்பெறுகின்றன. இவ்வகையில் இது முந்தைய படங்களில் இருந்து வேறுபடுகிறது. எனினும், தன் உடலுறுப்பையே கொடுப்பது தான் செவிலியரின் பெருமையின் உச்சம் என்னும் முடிவு, பாலும் பழமும் படத்தின் தியாக மரபைத் தொடர்வதாகவே உள்ளது.

2000க்குப் பின்

2000க்குப் பின் தனியார் மருத்துவமனைகளின் வணிகப் போக்கு தமிழ்ப் படங்களில் முதன்மையான பொருளாயிற்று. ஏ. ஆர். முருகதாஸ் இயக்கிய ரமணா (2002), அட்லி இயக்கிய மெர்சல் (2017) ஆகியன எடுத்துக்காட்டுகள். சரண் இயக்கிய வசூல்ராஜா எம்.பி.பி.எஸ். (2004) நோயாளியிடம் அன்பு காட்டாத மருத்துவக் கல்வியைக் கேலி செய்தது. இவை எல்லாவற்றிலும் விவாதம் மருத்துவரைப் பற்றியதாகவே அமைந்தது. நோயாளியிடம் கூடுதல் நேரம் செலவிடும் செவிலியர் இவ்விவாதத்தில் இடம்பெறவில்லை.

ஸ்ரீபிரியா இயக்கிய மாலினி 22 பாளையங்கோட்டை (2014), ஆஷிக் அபு இயக்கிய 22 ஃபீமேல் கோட்டயம் (2012) என்னும் மலையாளப் படத்தின் மறுவாக்கம் ஆகும். நித்யா மேனன் வெளிநாடு செல்ல விரும்பும் செவிலியராக நடித்தார். காதலனால் வஞ்சிக்கப்பட்டு, வன்கொடுமைக்கு ஆளாகி, பொய்க் குற்றச்சாட்டில் சிறை சென்று திரும்பும் அவள் பழிவாங்குவதே கதை. வெளிநாட்டு வேலைக்கான முயற்சியின் போது செவிலியர் எதிர்கொள்ளும் இடர்கள் இப்படத்தில் பேசப்பட்டன.

காக்கிச் சட்டை (2015) படத்தில் ஸ்ரீதிவ்யா செவிலியராக நடித்தார். உடலுறுப்புத் திருட்டை வெளிக்கொணர அவள் உதவுகிறாள். ரெமோ (2016) படத்தில் சிவகார்த்திகேயன், மருத்துவரான நாயகியின் அருகில் இருப்பதற்காகப் பெண் செவிலியராக வேடமிடுகிறார். சீருடை அணிந்தாலே ஒருவர் செவிலியராகிவிடலாம் என்ற எண்ணத்தின் மீதே இவ்வகை நகைச்சுவை நிற்கிறது. மருத்துவராக வேடமிடும் நாயகன் அகப்பட்டுக்கொள்வான் என்ற பதற்றம் பிற படங்களில் உண்டு. செவிலியர் வேடத்துக்கு அத்தகைய பதற்றம் மிகக் குறைவு.

கோகுல் இயக்கிய அன்பிற்கினியாள் (2021), ஹெலன் (2019) என்னும் மலையாளப் படத்தின் மறுவாக்கம் ஆகும். கீர்த்தி பாண்டியன் நடித்த நாயகி செவிலியர் படிப்பை முடித்தவள். கனடா செல்லும் முயற்சியில் இருந்து கொண்டே கோழி இறைச்சி உணவகம் ஒன்றில் வேலை செய்கிறாள். செவிலியர் பட்டம் பெற்ற பெண்ணொருத்தி உள்ளூர் மருத்துவமனையில் அல்லாமல் உணவகத்தில் வேலை செய்வது கதையில் இயல்பான ஒன்றாகவே காட்டப்படுகிறது.

சித்தரிப்பு வகைகள்

தமிழ்ப் படங்களில் காணப்படும் செவிலியரைப் பின்வரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

* தியாகி: தன் வாழ்வைப் பிறருக்கு அளிப்பவர். பாலும் பழமும் சாந்தி, மனதில் உறுதி வேண்டும் நந்தினி ஆகியோர் இவ்வகையினர்.
* செய்தியாளர்: அறுவைக் கூடத்தின் கதவைத் திறந்து, குழந்தை பிறந்ததையோ நோயாளி இறந்ததையோ அறிவிப்பவர். எண்ணிக்கையில் இவ்வகையே மிகுதி.
* கையுதவியாளர்: தட்டை ஏந்தி மருத்துவருக்குப் பின்னால் நிற்பவர். இவருக்கு உரையாடல் இராது.
* நகைச்சுவைப் பாத்திரம்: ஊசிக்கு அஞ்சும் நோயாளியுடன் மோதுபவர், அல்லது நகைச்சுவை நடிகரின் கேலிக்கு இலக்காகுபவர். மலையாளம் கலந்த தமிழ் பேசுபவராக இவர் அடிக்கடி காட்டப்படுகிறார்.
* சாட்சி அல்லது உடந்தை: மருத்துவமனையில் நிகழும் குற்றத்தை அறிந்தவர். நாயகனுக்குத் துணை செய்வார், அல்லது அச்சத்தால் மறைப்பார்.
* தொழில் வல்லுநர்: பயிற்சியாலும் பட்டறிவாலும் முடிவெடுத்துச் செயல்படுபவர். தமிழ்ப் படங்களில் இவ்வகை அரிது.

ஆண் செவிலியர் தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் பணியாற்றி வரினும் திரையில் மிக அரிதாகவே காணப்படுகின்றனர்.

அமெரிக்க ஆய்வாளர்களான பிலிப் காலிஷ், பியாட்ரிஸ் காலிஷ் ஆகியோர் மேலைநாட்டு ஊடகங்களில் செவிலியர் படிமம் மாறி வந்ததை ஐந்து காலப் பகுதிகளாக வகுத்தனர். அருள் தேவதை, பணிவான உதவிப்பெண், வீராங்கனை, தாய், பாலியல் கவர்ச்சிப் பொருள் என்பன அவை. தமிழ்த் திரைப்படத்தில் இப்படிமங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. ஒரே காலத்தில், சில வேளை ஒரே படத்தில் கூட, கலந்து வருகின்றன.

திரையும் நடைமுறையும்

செவிலியர் பணி தொடர்பாகத் திரைப்படங்களில் காட்டப்படுவதற்கும் மருத்துவமனை நடைமுறைக்கும் இடையே பல வேறுபாடுகள் உள்ளன.

நாடி, வெப்பநிலை, குருதி அழுத்தம், மூச்சு வீதம் ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் அளந்து பதிவு செய்தல், மருந்தின் பெயரையும் அளவையும் நேரத்தையும் சரிபார்த்துக் கொடுத்தல், நாளத்தின் வழி நீர்மம் ஏற்றுதல், புண்ணுக்குக் கட்டு மாற்றுதல், படுக்கைப் புண் வராமல் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல், தொற்றுப் பரவாமல் காத்தல், பணி மாறும் போது அடுத்து வருபவரிடம் ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் ஒப்படைத்தல் ஆகியன செவிலியரின் அன்றாடப் பணிகள் ஆகும். நோயாளியின் நிலை மோசமாவதை முதலில் கண்டறிபவர் பெரும்பாலும் செவிலியரே. திரையில் இவற்றுள் பலவற்றை மருத்துவரே செய்வதாகக் காட்டப்படுகிறது.

இருபத்து நான்கு மணி நேரம் கழித்துத் தான் எதையும் சொல்ல முடியும் என்று மருத்துவர் கூறுவது தமிழ்ப் படங்களில் பலமுறை கேட்ட உரையாடல் ஆகும். அடுத்த காட்சியில் நோயாளி கண் திறப்பார். அந்த இருபத்து நான்கு மணி நேரமும் நோயாளியின் அருகில் இருந்து கண்காணிப்பது செவிலியரின் பணி. திரைக்கதையில் வெட்டி நீக்கப்படுவது அப்பகுதியே.

பணிச்சுமையும் திரையில் தோன்றுவதில்லை. பயிற்சி மருத்துவமனைகளின் பொதுக் கூடத்தில் மூன்று நோயாளிகளுக்கு ஒருவர், பிற மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் அளவுகோல். நடைமுறையில் ஒரு செவிலியர் இதனினும் பல மடங்கு நோயாளிகளைக் கவனிக்க நேர்கிறது. திரைப்படத்தில் ஒரு நோயாளியின் அறையில் இரண்டு செவிலியர் நிற்பது வழக்கமான காட்சி.

வெண்ணிறச் சீருடையும் தலைத் தொப்பியும் திரையில் செவிலியரின் அடையாளங்களாகத் தொடர்கின்றன. தலைத் தொப்பியைப் பல மருத்துவமனைகள் கைவிட்டுவிட்டன.

தொழில் தெரிவில் தாக்கம்

ஒரு தொழிலைத் தெரிவு செய்வதில் குடும்பத்தின் பொருளாதார நிலை, உறவினருள் அத்தொழில் செய்வோர் இருத்தல், கல்விக் கட்டணம், வேலைவாய்ப்பு, வெளிநாடு செல்லும் வாய்ப்பு ஆகியன முதன்மையானவை. திரைப்படம் இவற்றுக்கு மாற்றாக நிற்பதில்லை. ஏற்கெனவே உள்ள விருப்பத்துக்கு உருவம் கொடுப்பதிலும், தயக்கத்துக்குக் காரணம் கொடுப்பதிலுமே அதன் தாக்கம் அமைகிறது.

திரைப்படத்தை ஆள்சேர்ப்புக்கு நேரடியாகப் பயன்படுத்திய எடுத்துக்காட்டு அமெரிக்காவில் உண்டு. இரண்டாம் உலகப் போரின் போது செவிலியர் பற்றாக்குறையைப் போக்க 1943ஆம் ஆண்டு பயிற்சிச் செவிலியர் படை அமைக்கப்பட்டது. அதற்கு இளம் பெண்களை ஈர்க்கும் பொருட்டு ரிவார்ட் அன்லிமிடெட் (1944) என்னும் குறும்படம் தயாரிக்கப்பட்டது. சாக் தூர்னர் இயக்கிய இப்படத்தில் டொரத்தி மெக்குவயர் நடித்தார். அப்படையில் ஏறத்தாழ 1,24,000 பேர் பயிற்சியை நிறைவு செய்தனர். அப்பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. உதவித்தொகையும் சீருடையும் வழங்கப்பட்டன. திரையில் காட்டிய அழைப்புக்குப் பின்னால் பொருளுதவியும் இருந்தது என்பது இங்கு கருதத்தக்கது.

தமிழ்ப் படங்களின் தியாகச் சித்தரிப்பு இருவகை விளைவுகளைக் கொண்டது. ஒருபுறம், செவிலியரை அன்பின் வடிவமாகக் காட்டுவதன் வழி அப்பணி மீதான இழிவெண்ணத்தை அது குறைத்தது. மறுபுறம், பணியை அறமாக மட்டும் காட்டும் போது ஊதியம், ஓய்வு, பாதுகாப்பு ஆகியவற்றைக் கோருவது அறத்துக்கு மாறானது போலத் தோற்றமளிக்கிறது. சேவை மனப்பான்மை என்ற சொல்லே குறைந்த ஊதியத்துக்கு விடையாகக் கூறப்படுவதும் உண்டு.

ஊதியம் தொடர்பாக உச்ச நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு சனவரி 29 அன்று அளித்த வழிகாட்டலைத் தொடர்ந்து நடுவண் அரசு ஒரு குழுவை அமைத்தது. தனியார் மருத்துவமனைகளில் அக்குழு பரிந்துரைத்த ஊதியம் பின்வருமாறு:

* 200 படுக்கைகளுக்கு மேல்: மாநில அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம்
* 100 முதல் 200 படுக்கைகள்: அரசு ஊதியத்தை விட 10 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல்
* 50 முதல் 100 படுக்கைகள்: அரசு ஊதியத்தை விட 25 விழுக்காட்டுக்கு மேல் குறையாமல்
* 50 படுக்கைகளுக்குக் கீழ்: மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல்

இவை பரிந்துரைகளே. நடைமுறைப்படுத்துவது மாநிலங்களின் பொறுப்பில் விடப்பட்டது. இப்பரிந்துரைகளுக்காகச் செவிலியர் பல மாநிலங்களில் போராடினர். செவிலியர் போராட்டம் தமிழ்த் திரைப்படத்தின் கதைப்பொருளாக வந்ததில்லை எனலாம்.

திருப்பூர் வட்டாரமும் சேவூரும்

கொங்கு நாட்டுக்கும் திரைப்படத்துக்கும் நீண்ட தொடர்பு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் இருந்து படக்கருவியுடன் ஊர் ஊராகச் சென்று படங்களைத் திரையிட்டார். பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் திரையரங்கை அமைத்தார்.

சேவூர் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டத்தில் அவிநாசி - புளியம்பட்டி சாலையில் அமைந்துள்ள ஊராகும். வாலீசுவரர் கோயில் இங்கு உள்ளது. நிலக்கடலை வணிகத்துக்கும் இவ்வூர் அறியப்பட்டது. வேளாண்மை, விசைத்தறி, பின்னலாடைத் தொழில் ஆகியன இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரங்கள். திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழ்நாட்டின் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகளுள் ஒன்றாக 2022ஆம் ஆண்டு சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. கோயம்புத்தூரின் பெரிய மருத்துவமனைகளும் செவிலியர் கல்லூரிகளும் அருகில் உள்ளன.

இவ்வட்டாரத்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பெண்ணொருத்தியின் முன் உள்ள தெரிவுகளில் பனியன் கம்பெனி முதலில் நிற்கிறது. தையல், சரிபார்ப்பு, பொதி கட்டுதல் போன்ற வேலைகளுக்கு நெடிய பயிற்சி தேவையில்லை. சம்பளம் ஷிப்ட் கணக்கிலோ உருப்படிக் கணக்கிலோ வார இறுதியில் சனிக்கிழமை கைக்கு வந்துவிடும். செவிலியர் பட்டயப் படிப்புக்கு மூன்று ஆண்டுகளும், பட்டப் படிப்புக்கு நான்கு ஆண்டுகளும் ஆகும். அவ்வாண்டுகளில் வருமானம் இல்லை. தனியார் கல்லூரியாயின் கட்டணமும் கட்ட வேண்டும். எனவே இங்கு செவிலியர் படிப்பின் செலவு என்பது கட்டணம் மட்டும் அன்று, விட்டுக்கொடுத்த வாரச் சம்பளமும் ஆகும். இக்கணக்கைத் திரைப்படங்கள் காட்டுவதில்லை. நாயகி எப்போதும் பயிற்சி முடித்துச் சீருடையில் தான் அறிமுகமாகிறாள்.

கொங்கு வட்டார நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் போன்ற பெயர்களில் இளம் பெண்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு வேலைக்கு அமர்த்தப்பட்டு, முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு தொகை அளிக்கப்படும் வழக்கம் இருந்தது. விடுதியில் அடைபட்டிருத்தல், நீண்ட வேலை நேரம், இடையில் நின்றால் தொகை கிடைக்காமை ஆகியவற்றுக்காக இது கடும் கண்டனத்துக்கு உள்ளாயிற்று. ஒரு செவிலியர் பட்டயம் பெறுவதற்கான காலமும் ஏறத்தாழ அதுவே. மூன்று ஆண்டுகளின் முடிவில் ஒன்றில் ஒரு தொகையும், மற்றொன்றில் பதிவு பெற்ற தொழிலும் கிடைக்கின்றன. எனினும் முதல் நாளில் இருந்தே வீட்டுக்குப் பணம் தேவைப்படும் குடும்பத்தால் இரண்டாவதைத் தெரிவு செய்ய இயலுவதில்லை.

பின்னலாடைத் தொழிலுக்குள்ளும் செவிலியருக்கு இடம் உண்டு. 500க்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் தொழிற்சாலையில் மருத்துவரும் செவிலியரும் பொறுப்பேற்கும் முதலுதவி அறை இருக்க வேண்டும் என 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. ஊசி ஏறிய விரல், சாய வேதிப்பொருளால் ஏற்படும் தோல் எரிச்சல், பஞ்சுத் தூசியால் வரும் இருமல், நின்றே வேலை செய்வதால் வரும் கால்வலி, குருதிச்சோகை ஆகியன அத்தகைய செவிலியர் நாள்தோறும் காணும் நோய்கள். ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கில் பணியாற்றும் கிராம சுகாதாரச் செவிலியர், கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், தடுப்பூசி போடுதல், வீடு வீடாகச் செல்லுதல் ஆகிய பணிகளைச் செய்கின்றனர். வேலை தேடி வெளிமாவட்டங்களில் இருந்தும் வெளிமாநிலங்களில் இருந்தும் வந்து குடியேறிய குடும்பங்கள் மிகுந்த திருப்பூர் பகுதியில் இப்பணி கூடுதல் கடினமானது. சேவூர் போன்ற ஊர்களில் மக்கள் நேரில் அறிந்த செவிலியர் இவரே. திரையில் காணும் செவிலியரோ எப்போதும் நகரத்துப் பெரிய மருத்துவமனையைச் சேர்ந்தவராக இருக்கிறார்.

அங்கீகாரம் பெறாத பயிற்சிகள்

செவிலியர் பணிக்கு உள்ள ஈர்ப்பைப் பயன்படுத்தி, குறுகிய காலச் சான்றிதழ்ப் பயிற்சிகளைச் செவிலியர் படிப்பு என்ற பெயரில் நடத்தும் நிறுவனங்களும் உள்ளன. சீருடையும் மருத்துவமனைப் பயிற்சியும் இருப்பதால் இவை திரையில் கண்ட செவிலியர் பயிற்சி போலவே தோன்றும். ஆனால் அங்கீகாரம் பெறாத நிறுவனத்தில் பயின்றவர் மாநிலச் செவிலியர் குழுமத்தில் பதிவு செய்ய இயலாது. பதிவின்றி அரசுப் பணியோ வெளிநாட்டுச் செவிலியர் பணியோ கிடைக்காது. ஆகவே ஒரு படிப்பில் சேருமுன் அந்நிறுவனம் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளதா எனப் பார்ப்பது இன்றியமையாதது.

மலையாளத் திரைப்படங்களுடன் ஒப்பீடு

இந்தியாவில் இருந்து வெளிநாடு செல்லும் செவிலியருள் கேரளத்தவர் பெரும் பங்கினர். இதனால் மலையாளப் படங்களில் செவிலியர் வாழ்வு கூடுதல் நுணுக்கத்துடன் இடம்பெறுகிறது. ஈராக்கின் திக்ரித் நகரில் 2014ஆம் ஆண்டு போர்ச்சூழலில் சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியரின் நிகழ்வைத் தழுவி மகேசு நாராயணன் டேக் ஆஃப் (2017) படத்தை இயக்கினார். படிப்புக்கு வாங்கிய கடனே செவிலியரைப் போர் நாட்டுக்கு அனுப்புகிறது என்பது இப்படத்தில் தெளிவாகக் காட்டப்பட்டது. பார்வதி முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார்.

2018ஆம் ஆண்டு கோழிக்கோடு பகுதியில் பரவிய நிபா நோயைப் பற்றியது ஆஷிக் அபுவின் வைரஸ் (2019). நோயாளிக்குப் பணிவிடை செய்து தொற்றுக்கு ஆளாகி 2018 மே 21 அன்று இறந்த செவிலியர் லினி புதுசேரியைத் தழுவிய பாத்திரத்தில் ரீமா கல்லிங்கல் நடித்தார். பாயல் கபாடியா இயக்கிய ஆல் வி இமாஜின் ஆஸ் லைட் (2024) மும்பையில் பணியாற்றும் மலையாளச் செவிலியர் இருவரின் வாழ்வைச் சொல்கிறது. இப்படம் கான் திரைப்பட விழாவில் கிராண்ட் பிரி விருது பெற்றது. இங்கு செவிலியர் தேவதையாகவோ பலியாளாகவோ அன்றி, வாடகை, தனிமை, காதல், களைப்பு ஆகியவற்றுடன் வாழும் தொழிலாளராகக் காட்டப்படுகின்றனர்.

விமர்சனங்கள்

திரைப்படம் பொழுதுபோக்குக் கலை என்பதால் மருத்துவமனை நடைமுறையை அப்படியே காட்ட வேண்டியதில்லை என்பது ஒரு தரப்பின் கருத்து. காவலர், வழக்குரைஞர், ஆசிரியர் ஆகிய தொழில்களும் திரையில் மிகைப்படுத்தப்பட்டே வருகின்றன. எனினும் அத்தொழில்களுக்கு நாயகர் தகுதியும் கிடைக்கிறது. செவிலியருக்கு அது கிடைப்பதில்லை என்பதே எதிர்த்தரப்பின் வாதம் ஆகும். செவிலியரைக் கேலிக்கும் கவர்ச்சிக்கும் பயன்படுத்தும் காட்சிகள், பணியிடத்தில் அவர்கள் சந்திக்கும் சீண்டல்களை இயல்பானதாக்குகின்றன என்றும் கூறப்படுகிறது.

உலக சுகாதார அமைப்பு 2020ஆம் ஆண்டைச் செவிலியர் மற்றும் பேறுகாலப் பணியாளர் ஆண்டாக அறிவித்தது. அவ்வாண்டு வெளியான அதன் அறிக்கை, உலகில் 2 கோடியே 79 இலட்சம் செவிலியர் உள்ளதாகவும், மேலும் 59 இலட்சம் பேர் தேவைப்படுவதாகவும் கணக்கிட்டது. அதே ஆண்டில் பரவிய கொரோனா பெருந்தொற்று, நோயாளியின் அருகில் உறவினரும் செல்ல இயலாத நிலையில் செவிலியரே அவருக்குத் துணை என்பதை மக்கள் அறியச் செய்தது. பற்றாக்குறையைத் தீர்க்கப் புதியவர்களை ஈர்ப்பது போலவே, பயின்றவர்களை அப்பணியில் நிலைக்கச் செய்வதும் தேவையாகிறது. முதலாவதற்குத் திரைப்படம் துணை செய்யக்கூடும். இரண்டாவது, ஊதியத்தையும் பணிச்சூழலையும் பொறுத்தது.

இவற்றையும் பார்க்கவும்

* செவிலியர்
* பன்னாட்டுச் செவிலியர் நாள் (மே 12)
* புளோரன்ஸ் நைட்டிங்கேல்
* ஐடா ஸ்கடர்
* மனதில் உறுதி வேண்டும் (திரைப்படம்)
* பாலும் பழமும் (திரைப்படம்)
* திருப்பூர் மாவட்டம்
* சேவூர்